மூன்று பேனாவில் கல்லீரல்: வரைந்து பார்த்தே புரிந்துகொள்ளலாம்

கல்லீரலின் வேலைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். ரத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று ஒருமுறை உங்கள் கையால் வரைந்துவிட்டால், பாதி வேலைகளை நீங்களே ஊகித்துச் சொல்லிவிடலாம். ஒரு வெள்ளைத்தாள், நீலம், சிவப்பு, பச்சை என மூன்று பேனா போதும்.

படி 1: முடிந்தால் கையில் எடுத்துப் பாருங்கள்

அசைவம் சமைக்கும் வீடு என்றால், கறிக்கடையில் ஆட்டு ஈரலை வெட்டாமல் ஒரே துண்டாகக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் பித்தப்பையை உடையாமல் பதமாக எடுத்துப் போடுவார். உடைந்தால் ஈரல் முழுக்கக் கசந்துவிடும். வீட்டில் குறுக்கே ஒரு வெட்டு போட்டால் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். சிலவற்றைச் சுற்றி வெள்ளையாக ஓர் உறை இருக்கும். அந்த உறைக்குள் மூன்று குழாய்கள் சேர்ந்தே ஓடுகின்றன. உறை இல்லாத ஓட்டைகள், ரத்தம் வெளியேறும் சிரைகள். பார்த்து முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

நம் உடம்பில் இது வலப்பக்க விலா எலும்புகளுக்குப் பின்னால், உதரவிதானம் என்ற தசைத்திரைக்குக் கீழே இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் ஒன்றரை கிலோ.

படி 2: அறுகோணம் வரையுங்கள்

தாள் நிறைய ஓர் அறுகோணம். நடுவில் ஒரு வட்டம், அது மைய சிரை. ஒவ்வொரு மூலையிலும் நீலம், சிவப்பு, பச்சைப் புள்ளிகள்; உறைக்குள் பார்த்த மூன்று குழாய்கள் இவைதான். இந்த அறுகோணம்தான் கல்லீரல் நுண்மடல், அதாவது கல்லீரலின் அடிப்படை அலகு. நிஜத்தில் இதன் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பன்றி ஈரலில் இதன் எல்லைக்கோடு பளிச்சென்று தெரியும். மனிதனிடம் அவ்வளவு தெளிவாக இருக்காது.

படி 3: அம்புக்குறி போடுங்கள்

நீலம் போர்ட்டல் சிரை. குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் எல்லாவற்றிலிருந்தும் ரத்தத்தைக் கொண்டுவருகிறது. கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு இந்த வழிதான். சிவப்பு கல்லீரல் தமனி. மீதிக் கால் பங்கு அதனுடையது, ஆக்சிஜன் நிறைந்தது. இரண்டும் மூலையிலிருந்து நடுவட்டத்தை நோக்கி, சைனுசாய்டு என்ற மெல்லிய கால்வாயில் ஒன்றாகக் கலந்து ஓடும்.

பச்சை பித்தநீர். இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். பித்தநீர் எதிர்த்திசையில், நடுவிலிருந்து மூலைக்குப் போகும். அம்பைத் திருப்பிப் போடுங்கள்.

சரி, மையத்தை ஒட்டிய செல்களைப் பாருங்கள். ரத்தம் அங்கே போய்ச் சேரும்போது ஆக்சிஜன் குறைந்திருக்கும். பாராசிட்டமாலை நச்சாக மாற்றும் நொதிகளும் அங்கேதான் அதிகம். அதனால்தான் அந்த மாத்திரை அளவு மீறினால் முதலில் அழிவது மையப்பகுதி.

படி 4: வேலைகளை ஊகியுங்கள்

நீலக்கோடு குளுக்கோஸ் கொண்டுவருகிறது: கிளைக்கோஜனாகச் சேமிக்க வேண்டும். அம்மோனியா வருகிறது: யூரியாவாக மாற்ற வேண்டும். அமினோ அமிலம் வருகிறது: அல்புமினும் ரத்தம் உறையவைக்கும் புரதங்களும் செய்யலாம். இவ்வளவுதான்.

படி 5: காவல் செல்களை வரையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கால்வாய்க்கு உள்ளேயே, சுவரில் ஒட்டியபடி நட்சத்திர வடிவில் சில செல்கள் போடுங்கள். இவை குப்ஃபர் செல்கள். 1876இல் கார்ல் வில்ஹெல்ம் வான் குப்ஃபர் விவரித்தவை. உடலுறுப்புகளில் நிலையாகத் தங்கி, கிருமிகளை விழுங்கும் செல்களில் பெரும்பான்மை இங்கேதான் இருக்கிறது.

ஏன் இங்கே? மறுபடி நீலக்கோட்டைப் பாருங்கள். நாம் சாப்பிட்ட சோறு, தயிர் எல்லாவற்றின் புரதத் துணுக்குகளும், குடல் பாக்டீரியாக்களின் உடைந்த துண்டுகளும் தினமும் அதில் வருகின்றன. ஒவ்வொன்றோடும் சண்டைக்கு நின்றால் சாப்பிடும்போதெல்லாம் கல்லீரல் வீங்கும். அதனால் இந்தச் செல்கள் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, இன்டர்லூக்கின்-10 போன்ற அமைதிச் சமிக்ஞைகளை வெளியிட்டு, டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்களையும் அடக்கிவைக்கின்றன.

இந்தப் பொறுமை எவ்வளவு ஆழமானது என்பதை 1969இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ராய் கால்னின் குழு காட்டியது. உறவில்லாத ஒரு பன்றியின் கல்லீரலை இன்னொன்றுக்குப் பொருத்தியபோது, எதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமலேயே பல பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டன. அதே பன்றியின் சிறுநீரகத்தையும் அவற்றின் உடல் எளிதாகப் பொறுத்துக்கொண்டது. மனிதர்களுக்கு இது அவ்வளவு சுலபமில்லை. பெரும்பாலோருக்கு மருந்து வேண்டும்.

நிஜமான தொற்று வந்தால் கதை வேறு. குப்ஃபர் செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற எச்சரிக்கைச் சமிக்ஞையை வெளியிடும்; உடனே கல்லீரல் செல்கள் சி-ரியாக்டிவ் புரதத்தைக் குவிக்கும். காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தால் ரிப்போர்ட்டில் சிஆர்பி என்று வருமே, அது இதுதான்.

படி 6: ஓரத்தில் ஒரு வைரஸ்

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இந்தப் பொறுமையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அது நிரந்தரமாகத் தங்கும். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால், குழந்தையின் பழகாத எதிர்ப்பாற்றலும் சேர்ந்துகொள்ள, நூற்றில் சுமார் தொண்ணூறு குழந்தைகளுக்குத் தங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடச் சொல்வது இதற்காகத்தான். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், தடுப்பூசி அட்டையில் அந்த முதல் ஊசிக்கு நேரே தேதி எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.