நகரும் பொருளை ரேடாரில் படமாக்குவது: ஐசார் முதல் முயற்சிக்கு

ரேடார் ஓரிடத்தில் நிற்கிறது. எதிரே போகும் விமானம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் டாப்ளர் (அசைவால் எதிரொலியின் அலைவெண்ணில் வரும் மாற்றம்) வேறுபடும். அதை வைத்துப் படம் வரைவதுதான் ஐசார் (ISAR, inverse synthetic aperture radar). எஃப்எஃப்டி (FFT, சிக்னலை அலைவெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நிஜத் தரவைத் தொடாதீர்கள். பத்துப் புள்ளிகளை வைத்து நீங்களே சிக்னல் உருவாக்குங்கள். விடை தெரிந்தால்தான் பிழை எங்கே என்று தெரியும். 10 கிகாஹெர்ட்ஸ், 500 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித் (அலைவெண் அகலம்), மொத்தத் திருப்பம் 3 டிகிரி எடுத்தால் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஏறத்தாழ 30 செ.மீ. துல்லியம் கிடைக்கும். எனக்குப் பைத்தானும் அதன் நம்பை (NumPy) நூலகமும் போதும்.

முதலில், ரேடார் அனுப்பும் ஒவ்வொரு துடிப்புக்கும் (pulse) அலைவெண் வழியே தலைகீழ் எஃப்எஃப்டி. தொலைவுவாரியாக எதிரொலி கிடைக்கும்.

அடுத்து, பொருள் நகர்வதால் துடிப்புக்குத் துடிப்பு தள்ளிப்போகும் இந்த எதிரொலிகளை நேர்ப்படுத்த வேண்டும். முந்தைய துடிப்போடு மட்டும் ஒப்பிட்டால் சிறு பிழைகள் சேர்ந்து கோடு சாய்ந்துவிடும். அதுவரை நேர்ப்படுத்தியவற்றின் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இதற்குப் பிறகு. எதிரொலிகள் அழகாக நேர்கோட்டில் நின்றன, படமோ புகைமூட்டமாகவே வந்தது. இரண்டு நாள் நேர்ப்படுத்தலையே திரும்பத் திரும்பத் திருத்தினேன். குறை அங்கே இல்லை. நேர்ப்படுத்தல் 30 செ.மீ. தொலைவுக் கட்டத்துக்குள் சரியாக இருந்தால் கண்ணுக்குப் போதும். ஆனால் 3 செ.மீ. அலைநீளத்தில் பொருள் வெறும் 3.75 மி.மீ. நகர்ந்தாலே எதிரொலியின் ஃபேஸ் (அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம்) 90 டிகிரி மாறிவிடும். அதைத் தனியாகத் திருத்தியாக வேண்டும்.

எளிய வழி: துடிப்புக்குத் துடிப்பு வீச்சு அதிகம் மாறாத தொலைவுக் கட்டத்தைத் தேடுங்கள். அங்கே ஒரே ஒரு வலுவான புள்ளி இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு துடிப்பிலும் அதன் ஃபேஸ் எவ்வளவோ, அதை அந்தத் துடிப்பின் எல்லாக் கட்டங்களிலிருந்தும் கழியுங்கள். அப்படி ஒரு புள்ளி அமையாவிட்டால் படத்தின் என்ட்ரோபியை (படம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்ற அளவை) குறைக்கும் முறை. மெதுவானது, ஆனாலும் நான் அதையே நம்புகிறேன்.

கடைசியாகத் துடிப்புகள் வழியே எஃப்எஃப்டி. பூஜ்ய அலைவெண்ணை நடுவில் கொண்டுவரும் எஃப்எஃப்டி ஷிஃப்டை மறக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வருகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நிரலில் பிழை இல்லை. திருப்பத்தின் திசை மாறினால் டாப்ளரின் குறியும் மாறும். குறுக்கு அச்சு ஹெர்ட்ஸில்தான் வரும். அதை மீட்டராக்கத் திரும்பும் வேகம் தெரிய வேண்டும்: டாப்ளரை அலைநீளத்தால் பெருக்கி, ரேடியனில் எடுத்த கோண வேகத்தின் இரு மடங்கால் வகுங்கள். கப்பல் தரவு வைத்திருப்பவர்கள் முழுப் பதிவையும் போடாமல், ஆட்டம் சீராக இருக்கும் சிறு துண்டை வெட்டி எடுங்கள்.