இணைய முகவரியைத் துண்டுபோடாமல் பிரிக்க

கிளிநொச்சியில் என்னிடம் சி நிரல்மொழி படிக்க வரும் பெடியள், இணைய முகவரியைப் பிரித்தவுடன் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே மெமரி ஒதுக்குவார்கள். பிறகு ஒன்றையாவது விடுவிக்க மறந்துவிடுவார்கள். அந்தப் பாடு தேவையில்லை.

ஒவ்வொரு துண்டும் மூல வரியில் தொடங்குமிடத்துக்கு ஒரு பொயின்டர் (மெமரியில் ஓர் இடத்தைச் சுட்டுவது), நீளத்துக்கு ஓர் எண். இவ்வளவுதான் ஸ்ட்ரக்ட், அதாவது இவற்றைச் சேர்த்து வைக்கும் கட்டு. ஸ்கீம் ('https' போன்றது), ஹோஸ்ட் (தளத்தின் பெயர்), பாத் (அதற்குப் பின் '/' போட்டு வருவது), குவெரி ('?'க்குப் பின் வருவது) எல்லாம் அதே வகை. மூல வரியை மட்டும் இடையில் அழித்துவிடாதீர்கள். அழித்தால் எல்லாப் பொயின்டரும் அந்தரத்தில் நிற்கும்.

சரி, '/முல்லைத்தீவு' என்பதும் '/முல்லைத்தீவு?' என்பதும் ஒன்றா? இல்லை. இணைய முகவரியின் இலக்கணத்தைச் சொல்லும், 2005இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணம் இரண்டையும் வேறாகவே பார்க்கிறது. முதலாவதில் குவெரியே இல்லை, பொயின்டர் நல் (எதையும் சுட்டாதது). இரண்டாவதில் பொயின்டர் உண்டு, நீளம் 0. நானே இதில் ஒரு பின்னேரம் முழுக்க மாரடித்திருக்கிறேன்.

போர்ட்டுக்கு, அதாவது ஹோஸ்டுக்குப் பின் ':' போட்டு வரும் எண்ணுக்கு, இன்ட் எனும் முழு எண் வகை போதும், கொடுக்கப்படாவிட்டால் -1.