நான்காம் படிவத்திற்கு முன் அறிவியல் அடிப்படைகளை மீள்பார்வை செய்யும் முறை

நம் மலேசிய நாட்டு இடைநிலைப்பள்ளிகளில் முதல் மூன்று படிவங்களிலும் அறிவியல் ஒரே பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. நான்காம் படிவத்தில் அறிவியல் பாடத்தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்கு அது இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும் மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022-இலும் அகற்றப்பட்டபின், பெரும்பாலான மாணவர்கள் எழுதும் முதல் பெரிய பொதுத்தேர்வு ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம்.தான். அதனால் இரண்டாம் படிவத்தில் சரியாகப் புரியாமல் போன ஒன்று, ஐந்தாம் படிவம்வரை யார் கண்ணிலும் படாமலேயே இருந்துவிடக்கூடும். பினாங்கில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவன் என்ற முறையில், மூன்றாம் படிவம் முடிந்தவுடன் வரும் விடுமுறையே மீள்பார்வைக்கு மிகப் பொருத்தமான காலம் என்று கருதுகிறேன்.

பாடநூலை முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் வாசிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலவே இருக்கும்; நூலை மூடியபின்தான் தெரியாதது தெரியவரும். அதற்குப் பதிலாக, எல்லா அத்தியாயங்களிலும் திரும்பத் திரும்ப வரும் சில அடிப்படைக் கருத்துகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பொருள்கள் யாவும் இடைவிடாது அசையும் துகள்களால் ஆனவை, ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மாறுகிறது, உயிரணுவுக்குள் நடப்பவையும் வேதிவினைகளே, புவி சாய்ந்த அச்சுடன் சூரியனைச் சுற்றுகிறது. ஒரு வெற்றுத்தாளை எடுத்து, நூலைப் பார்க்காமல், அக்கருத்தைப் பற்றித் தெரிந்த அனைத்தையும் முழு வாக்கியங்களாக எழுதி, ஒரு படமும் வரையுங்கள். பிறகு நூலோடு ஒப்பிட்டு, விடுபட்டதையும் பிழையானதையும் வேறு நிற மையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வேறு நிற வரிகள்தாம் உங்களுக்கான பாடத்திட்டம்.

துகள் கருத்திலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் மற்றவை பலவும் அதன்மேல் நிற்கின்றன. அதைச் சோதித்துப் பார்க்க, நம் ஊரில் கொடிமலையைவிடச் சிறந்த இடம் இல்லை. காற்றுப் புகாமல் மூடிய முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கீழிருந்து மலை இரயிலில் எடுத்துச் சென்றால், ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் அது உப்பிக் காணப்படும். ஏன் என்று கேட்டால், மேலே காற்று அதிகம் என்று சில மாணவர்கள் விடை சொல்வார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. உயரே செல்லச் செல்ல மேலிருந்து அழுத்தும் காற்றின் அளவு குறைகிறது. மலையுச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு குறைவு. பொட்டலத்திற்குள் இருக்கும் துகள்கள் முன்போலவே உள்ளிருந்து மோதிக்கொண்டிருக்க, வெளியிலிருந்து மோதும் துகள்கள் குறைந்துவிடுவதால்தான் அது உப்புகிறது.

இதே விளக்கத்தை விடாமல் பின்தொடருங்கள். மலையுச்சியில் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்காமல் ஏறத்தாழ 97.5 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஏனெனில் நீராவிக் குமிழிகள் எதிர்த்துத் தள்ளவேண்டிய அழுத்தம் அங்கே குறைவு. சூரியனுக்கு நெருக்கமாகப் போகிறோமே, பிறகு ஏன் குளிர்கிறது என்ற கேள்வியையும் தவிர்க்காதீர்கள். சில நூறு மீட்டர் உயரம் சூரியனின் தொலைவோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை. காற்று பெரும்பாலும் சூடான தரையிலிருந்தே வெப்பத்தைப் பெறுகிறது. மேலெழும் காற்று அழுத்தம் குறைந்த இடத்தில் விரியும்போது தன் ஆற்றலைச் செலவிட்டுக் குளிர்கிறது. உச்சியில் ஏறத்தாழ ஐந்து டிகிரி குளிர்ச்சியாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். இயற்பியல், வேதியியல், புவி அறிவியல் மூன்றையும் ஒரே பொட்டலத்தைக் கொண்டு மீள்பார்வை செய்துவிட்டோம்.

ஆற்றலைப் பொறுத்தவரை, வரையறையை ஒப்பிப்பதைவிட ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பல மடங்கு பயன் தரும். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 294 கிலோஜூல் வேண்டும். 2,000 வாட் மின்கெட்டல் ஒரு வினாடிக்கு 2 கிலோஜூல் தருவதால், ஏறத்தாழ இரண்டரை நிமிடம் ஆகவேண்டும். வீட்டில் நேரத்தை அளந்து பாருங்கள். கூடுதலாகவே ஆகும், அந்தக் கூடுதல் ஆற்றல் எங்கே போனது என்று எழுதுங்கள். அடுத்து அதே 294 கிலோஜூலை 4.2-ஆல் வகுத்தால் 70 கிலோகலோரி வரும். ரொட்டிப் பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அட்டவணையைப் பார்த்தால், ஒரு துண்டு ரொட்டியில் உள்ள ஆற்றலும் ஏறத்தாழ இவ்வளவே என்பது தெரியும். கெட்டலும் உடலும் ஒரே அலகால் அளக்கப்படுகின்றன என்பதை ஒரு மாணவர் தாமே கணக்கிட்டுக் கண்டுகொண்டால், உயிரியலை மனப்பாடப் பாடம் என்று அவர் மீண்டும் சொல்லமாட்டார்.

நான் மாணவர்களிடம் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: பாலேக் பூலாவ் தோட்டத்தில் நிற்கும் டுரியான் மரத்தின் அத்தனை பொருண்மையும் எங்கிருந்து வந்தது? பெரும்பாலோர் மண்ணிலிருந்து என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் ஒரு வில்லோ கன்றைத் தொட்டியில் நட்டு, ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். கன்று ஏறத்தாழ 2 கிலோவிலிருந்து 77 கிலோவாக வளர்ந்தது; மண்ணோ 60 கிராம்கூடக் குறையவில்லை. எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார். உலர்ந்த மரத்தில் ஏறத்தாழ பாதி கார்பன் என்பதும், அது காற்றில் 0.04 விழுக்காடு மட்டுமே உள்ள கரிவளியிலிருந்து (கார்பன் டைஆக்சைடு) ஒளிச்சேர்க்கை வழியாக வந்தது என்பதும் பின்னரே தெளிவாயின. அளவீடு சரியாக இருந்தும் முடிவு எவ்வாறு குறைபடலாம் என்பதற்கு இது மிக நல்ல பாடம். மாறி, கட்டுப்பாடு போன்ற ஆய்வுச் சொற்களையும் இங்கேயே மீள்பார்வை செய்துகொள்ளலாம். தாவரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன என்ற பரவலான பிழையையும் இதே தாளில் திருத்திவிடுங்கள்: அவை பகலிலும் இரவிலும் சுவாசிக்கின்றன.

அமிலத்திற்கும் காரத்திற்கும் சமையலறை போதும். வேலியில் பூக்கும் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலச்சாறு கிடைக்கும். நாசி கெராபு என்ற நீலச்சோற்றுக்கு நிறமூட்டுவது இதுதான். எலுமிச்சைச் சாற்றில் அது ஊதாவாகும், ஆப்பச் சோடாக் கரைசலில் பச்சை கலந்த நீலமாகும். இரண்டையும் கலந்தால் நுரைத்து வரும் வாயு என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் கரிவளியே.

புவியின் இயக்கத்தை நூலில் வாசித்து முடித்துவிடாமல், ஒரு கோலை நட்டுப் பாருங்கள். பினாங்கு வடக்கே ஐந்தரை டிகிரி அளவில் இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. பிற்பகல் ஏறத்தாழ 1.20 மணிக்குச் செங்குத்தான கோலின் நிழல் மறைந்துவிடும். பன்னிரண்டு மணிக்கு ஏன் இல்லை? நம் கடிகாரம் கிழக்கு 120 டிகிரி தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது, நாமோ 100 டிகிரியில் இருக்கிறோம்; ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் விடை வந்துவிடும். பருவங்களுக்குச் சூரியனின் தொலைவு காரணமன்று என்பதற்கு ஒரு சான்று போதும்: வடகோளத்தில் குளிர்காலமாக இருக்கும் சனவரியில்தான் புவி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல் கற்ற பிள்ளைகள், ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் கலைச்சொல்லைத் தமிழிலும் இடைநிலைப்பள்ளியின் பயிற்றுமொழியிலும் எழுதி வைக்கவேண்டும். விளக்கத்தை மட்டும் முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பதில் தவறில்லை. அறிவியல் படிக்காத பெற்றோரும் இங்கே உதவலாம்: பிள்ளை சொல்வதைக் கேட்டு, "அது எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள்.

எழுதிய தாள்களை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் மறுபடி வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். வேறு நிற வரிகள் ஒவ்வொரு முறையும் குறையவேண்டும். மூன்றாம் முறையும் அதே இடத்தில் தடுமாறினால், "எனக்கு அழுத்தம் புரியவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வாக்கியம்வரை எழுத முடிந்தது, எதிலிருந்து முடியவில்லை என்று அந்தத் தாளையே ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள்.