பள்ளத்தில் இறங்கிய காரின் டயர்: எதைச் சோதிப்பது, எப்போது மாற்றுவது

சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது டயருக்குக் கேடு விளைவிப்பது பெரும்பாலும் பள்ளத்தின் ஆழம் அன்று, அதன் மறுபக்க விளிம்பேயாகும். கூர்மையான அந்த விளிம்பில் சக்கரம் மோதும் நொடியில், டயரின் பக்கச்சுவர் ஒருபுறம் விளிம்புக்கும் மறுபுறம் ரிம்முக்கும் இடையே நசுங்குகிறது. வெளியே தெரியும் ரப்பரில் கீறல்கூட விழாமல் இருக்கலாம். ஆனால் அதற்குள் ஓடுகின்ற, டயருக்கு உண்மையான வலுவைத் தரும் பாலியஸ்டர் இழைகள் அறுந்து போயிருக்கக்கூடும். ஆகவே "காற்று இறங்கவில்லை, டயர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்துகொண்டு பயணத்தைத் தொடர்வதுதான் இவ்விஷயத்தில் பலரும் செய்யும் பிழை. காற்று நிற்பது உள்படலம் கிழியவில்லை என்பதை மட்டுமே காட்டும். இழைகளின் நிலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

பலத்த அடி கேட்டவுடன் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டுக்கொண்டு, போக்குவரத்திலிருந்து விலகிய சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். டயர் முழுதும் இறங்கிவிட்டது என்று உணர்ந்தால், அருகிலுள்ள பாதுகாப்பான இடத்துக்கு மேல் ஓர் அடியும் ஓட்ட வேண்டாம். காற்றில்லாத டயர் சிறிது தூரம் உருண்டாலே அதன் பக்கச்சுவர் உட்புறம் அரைபட்டு, உள்ளே கரிய ரப்பர்த் தூள் சேரும். எளிய பஞ்சராக முடிந்திருக்க வேண்டியது அதன்பின் டயரையே மாற்றும் செலவாகிவிடும்.

இனி டயரைப் பார்க்க வேண்டும். முதலில் தேட வேண்டியது பக்கச்சுவரில் எழும் புடைப்பு. இழைகள் அறுந்த இடத்தில் உள்ளிருக்கும் அழுத்தம் ரப்பரை வெளியே தள்ளுவதால் அது கொப்பளம்போல வீங்கி நிற்கும். அவ்விடத்தில் காற்றைத் தாங்கிக்கொண்டிருப்பது வெறும் ரப்பர் மட்டுமே என்பதால், வேகமும் வெப்பமும் சுமையும் சேரும்போது அது எந்நேரமும் வெடிக்கலாம். புடைப்பைச் சரிசெய்ய வழியே இல்லை. அளவு சிறியதாயினும் டயர் மாற்றப்பட வேண்டியதே. உள்ளே ஒட்டுப்போட்டு ஓட்டலாம் என்று யாரேனும் சொன்னால், அந்த யோசனையை ஏற்க வேண்டாம். பக்கச்சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய உட்குழிவு மட்டும் தென்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை: டயரைத் தயாரிக்கும்போது இழைத் தாள்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பில் அது இயல்பாகவே தோன்றும். உட்குழிவு குறையன்று, வெளிப்புடைப்பே குறை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஐயம் எழுந்தால் டயர் கடையில் காட்டிவிடுவது நல்லது.

வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறைவடைய வேண்டாம். வண்டியின் அடிப்பகுதியை நோக்கியிருக்கும் உட்பக்கச் சுவரிலும் இதே புடைப்பு எழக்கூடும்; நின்ற நிலையில் பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. முன்சக்கரங்களுக்கு ஸ்டீயரிங்கை முழுதும் ஒருபக்கம் திருப்பி, கைவிளக்கு அடித்துப் பார்க்கலாம். பின்சக்கரங்களுக்கு வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. வெட்டுக் காயத்தின் உள்ளே நூலிழை தெரிந்தாலும், தரையில் படும் பகுதியின் ரப்பர் அடுக்கு உரிந்து எழுந்திருந்தாலும் அந்த டயரை ஓட்டக்கூடாது. புடைப்பு மோதிய அன்றே தோன்றும் என்ற உறுதியும் இல்லை. நாட்கள், சில வேளைகளில் வாரங்கள் கழித்தும் வெளிப்படலாம். எனவே அடுத்த சில வாரங்களுக்கு வண்டியை எடுக்கும் முன் அடிபட்ட சக்கரத்தை ஒருமுறை நோக்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு பல கார்களில் உண்டு. அது காற்றை மட்டுமே அளக்கும், புடைப்பை அறியாது.

டயரோடு ரிம்மையும் பார்க்க வேண்டும். இரும்பு ரிம் பொதுவாக வளைகிறது. அலாய் வீல் வளைவதோடு விரிசலும் விடலாம். விளிம்பு வளைந்த ரிம்மில் டயர் சரியாகப் பொருந்தி உட்காராததால் காற்று மெல்ல மெல்லக் கசியும். டயரும் ரிம்மும் சேரும் இடத்திலும் வால்வைச் சுற்றியும் சோப்பு நீரைத் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழ்கள் கிளம்பும். இரும்பு ரிம்மின் சிறு வளைவை நிமிர்த்திக்கொள்ளலாம்; விரிசல் விட்ட அலாய் வீலை வெல்டிங் செய்து ஓட்டுவதைவிட மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

வழியிலேயே ஸ்டெப்னி மாட்ட நேர்ந்தால், பயணிகளை இறக்கி, வண்டியைக் கியரில் அல்லது பார்க் நிலையில் வைத்து, கைபிரேக் போட்டு, கழற்றவிருக்கும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரேயுள்ள சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ அண்டை கொடுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொண்டு, அதன்பின் கையேட்டில் குறிக்கப்பட்ட இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக்கூடாது. மாட்டிய பின் நட்டுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக முடுக்காமல், எதிரெதிராக முடுக்கினால்தான் சக்கரம் ஒரே சீராக உட்காரும். மெலிந்த தற்காலிக ஸ்டெப்னியாக இருந்தால், அதன்மேல் அச்சிட்டிருக்கும் வேக வரம்பை, பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர், மீறாமல் டயர் கடை வரை மட்டும் செல்லுங்கள். ஸ்டெப்னி இல்லாத வண்டியில் வரும் அடைப்புத் திரவம் தரைப்பகுதியின் சிறு துளைக்கே உதவும். பக்கச்சுவர்க் கிழிசலுக்கு அது பயன்படாது.

எதைப் பழுதுபார்க்கலாம், எதை மாற்ற வேண்டும் என்பதற்கான எல்லை தெளிவானது. தரையில் படும் பகுதியின் நடுப்பரப்பில் சுமார் 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளையைச் சரிசெய்யலாம்; அதையும் டயரைக் கழற்றி, உட்புறம் சோதித்து, துளையை நிரப்பி, உள்ளிருந்து ஒட்டுப் போட்டுச் செய்வதே முறை. வெளியிலிருந்து திரியைச் செருகி அனுப்பிவிடும் வேலையில், உள்ளே இழைகள் நொறுங்கியிருப்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். பள்ளத்தில் அடிபட்ட டயருக்கு அது போதவே போதாது. துளை பக்கச்சுவரிலோ, தரைப்பகுதி பக்கச்சுவரோடு சேரும் தோள்பகுதியிலோ இருந்தால் மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

புதியது வாங்கும்போது பழைய டயரின் பக்கச்சுவரில் உள்ள குறியீட்டை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக 195/65 ஆர்15 91வி (195/65 R15 91V) என்பதில் 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதையும், வி என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை அது தகுதியுடையது என்பதையும் சொல்கின்றன. சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் கார் நிறுவனம் கூறியதைவிடக் குறையக்கூடாது. டிஓடி (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புக் காலத்தைக் காட்டும்: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடைக்காரர் சொல்வதைக் கேட்பதோடு நில்லாமல் இதை நீங்களே படித்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றலாமா என்ற கேள்விக்கு விடை, அதே அச்சிலுள்ள மற்ற டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது ஏறக்குறைய புதிதாக இருந்தால் அதே நிறுவனத்தின் அதே வகையில் ஒன்று போதும்; பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். நான்கு சக்கரமும் ஓட்டும் வண்டிகளில் தேய்மான வேறுபாடு கியர் அமைப்பையே பாதிக்கும் என்பதால், கையேடு அனுமதிக்கும் வேறுபாட்டைத் தாண்டக்கூடாது. இரண்டு புதிய டயர்களைப் பின்னச்சில் போடுவதே நல்லது. முன்சக்கரம் ஓட்டும் வண்டிக்கும் இதுவே பொருந்தும். ஈரச் சாலையில் பின்சக்கரங்கள் பிடிமானத்தை இழந்தால் வண்டி சுழன்றுவிடும். முன்சக்கரங்கள் வழுக்குவதைச் சமாளிப்பது அதைவிட எளிது.

டயர் மாட்டிய கையோடு வீல் பேலன்சிங்கையும் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்தல்) அலைன்மென்ட்டையும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்தல்) பார்த்துவிடுங்கள். நேரே ஓட்டும்போது ஸ்டீயரிங் சற்றுக் கோணலாக நின்றாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ அலைன்மென்ட் கெட்டிருக்கலாம். வேகம் கூடும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் பேலன்சிங் குறையோ வளைந்த ரிம்மோ காரணமாகலாம். அலைன்மென்ட் செய்தும் இழுப்பு நீங்கவில்லையெனில் ஷாக் அப்சார்பர், டை ராட், பால் ஜாயின்ட் ஆகிய, சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்தப் பாகங்கள் வளைந்திருக்கும்போது அலைன்மென்ட்டை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது வீண் செலவு.

இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் பள்ளம், டயர், ரிம் ஆகியவற்றைப் பாதுகாப்பான நேரத்தில் படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துவைத்து, கழற்றிய டயரைக் கடையிலேயே விட்டுவிடாமல் கொண்டு வாருங்கள். டயருக்கு மட்டும் நேர்ந்த சேதத்தைக் காப்பீடு ஏற்குமா என்பது பாலிசியின் விதிகளைப் பொறுத்தது. பழுதுபார்க்கும் முன்பே அதைக் கேட்டறிய வேண்டும். புதிய சக்கரத்துடன் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் குறித்த அளவுக்குக் காற்றைச் சரிசெய்யுங்கள்.