பிலிமா, டிஜிட்டலா? ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்துப் பார்ப்போம்

பழைய கல்யாண அல்பத்தையும் போனில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து 'பிலிம்தான் அழகு' என்று சொன்னால் அது ஒப்பீடு ஆகாது. வெளிச்சம் வேறு, லென்ஸ் வேறு, எடுத்த ஆளும் வேறு. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அளவுகளில் எடுத்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

தேவையானவை: 50 மி.மீ. லென்ஸுடன் ஒரு 35 மி.மீ. பிலிம் கமரா, ஐஎஸ்ஓ 200 (வெளிச்சத்தை உணரும் வேகம்) கலர் நெகட்டிவ் ரோல், மெனுவல் மோட் (அளவுகளை நாமே வைக்கும் வசதி) உள்ள டிஜிட்டல் கமரா. வீட்டு அலுமாரியில் கிடந்த கமரா என்றால் முதலில் லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கொழும்பின் ஈரக்காற்றுக்கு உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கலாம். வெள்ளை நூல் மாதிரிப் படர்ந்திருந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். படம் மங்கும், பழி பிலிம் மேல் விழும்.

படி 1: கோணம்
பிலிமின் ஒரு ஃப்ரேம் 36×24 மி.மீ. உங்கள் டிஜிட்டல் கமரா ஃபுல் ஃப்ரேம் (சென்சாரும் பிலிம் ஃப்ரேம் அளவே) என்றால் அதிலும் 50 மி.மீ. அதைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் சூமை 33 மி.மீ. அளவில் வையுங்கள்.

படி 2: செட்டிங்
டிஜிட்டலிலும் ஐஎஸ்ஓ 200. வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வைட் பலன்ஸை ஒட்டோவில் விடாமல் 'டேலைட்'டில் வையுங்கள், ஏனென்றால் சாதாரண கலர் பிலிம் பகல் வெளிச்சத்துக்கென்றே செய்யப்பட்டது. கமரா திருத்தாத ரோ ஃபைலாகச் சேமியுங்கள்.

படி 3: எடுப்பது
புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல் இந்தச் சோதனைக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். சிவப்பு, வெள்ளைக் கோடுகள் வெயிலில். கீழே கடைகளின் நிழல். சுவரில் நேர் வெயில் விழும் நேரமாகப் போங்கள். ஆட்கள் ஃப்ரேமில் விழுந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நல்ல வெயிலுக்கு லென்ஸின் துவாரம் எஃப் 16 (எண் குறைந்தால் துவாரம் பெரிதாகும்), ஷட்டர் 1/250 செக்கன். வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாத கமராவிலும் இது வேலை செய்யும். அதில் ஒரு படம். ஷட்டரை மாற்றாமல் எஃப் 11, எஃப் 8 என்று இரண்டு. பிறகு எஃப் 16க்கே திரும்பி 1/500, 1/1000 என்று இன்னும் இரண்டு. டிஜிட்டலிலும் இதே ஐந்து. 36 ரோலில் இப்படி ஏழு காட்சி எடுக்கலாம். ஒன்றை மாலையில் காலிமுகத்திடலில் சூரியன் கடலில் இறங்கும்போது எடுங்கள், ஆனால் அங்கே மீட்டர் காட்டுவதே தொடக்க அளவு. எந்த ஃப்ரேம் எந்த அளவு என்று எழுதி வையுங்கள். டிஜிட்டல் தானே குறித்துக்கொள்ளும், பிலிம் குறிக்காது.

படி 4: கழுவுவது
கலர் நெகட்டிவ் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர். டெவலப்பர் 38 பாகை செல்சியஸில், 3 நிமிடம் 15 செக்கன். அதை ஸ்டூடியோவிடம் விட்டுவிடலாம். இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள்: நெகட்டிவ் திரும்ப வேண்டும், ஸ்கான் செய்யும்போது ஒவ்வொரு படத்தையும் ஒட்டோவாகத் திருத்த வேண்டாம். திருத்திவிட்டால் ஐந்து படமும் ஒரே மாதிரி வந்து நிற்கும். 'பிலிம் கலர்' என்று நாம் ரசிப்பதில் பெரிய பங்கு ஸ்கானரும் அதை இயக்குபவரும் போட்டதுதான் என்பது என் கணிப்பு. அதே நெகட்டிவை வேறோர் இடத்தில் ஸ்கான் செய்து பாருங்கள், நிறம் மாறியிருக்கும்.

படி 5: பார்ப்பது
பெரிய படத்தைச் சின்னதின் அளவுக்குக் குறைத்து, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எஃப் 8இல் எடுத்த சோடியை முதலில் பாருங்கள். இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூடிய வெளிச்சத்தில் டிஜிட்டலின் வெள்ளைக் கோடுகள் வெளிறிப்போயிருக்கும். பிலிமில் அவை பெரும்பாலும் தப்பியிருக்கும். இனி 1/1000 சோடி. இங்கே நிலைமை தலைகீழ். பிலிமின் நிழல் சேறாகிக் குறுணி தெரியும். டிஜிட்டல் ரோ ஃபைலில் வெளிச்சத்தைக் கூட்டினால் கடைப் பலகையின் எழுத்துக்கூட எழும்பி வரலாம்.

ஆகவே அடுத்த ரோலில் நிழலுக்கு அளவெடுங்கள், டிஜிட்டலில் வெயில் பட்ட பக்கத்துக்கு அளவெடுங்கள். சந்தேகம் வந்தால் பிலிமுக்கு ஒரு ஸ்டொப் கூட்டியே கொடுங்கள்.