லெவர்குசன் தோற்காத அந்த 2023–24 சீசன்: பேசும்போது நாம் விடும் தப்புகள்

ஜெர்மன் கால்பந்து என்று பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் குறுக்கே புகுந்து, "அங்கே யார் ஆடினாலும் கடைசியில் பேயர்ன்தான் கோப்பையைத் தூக்கும், அதை எதற்குப் பார்க்கணும்" என்று முடித்துவிடுவார். 2012–13 முதல் 2022–23 வரை தொடர்ந்து 11 முறை பேயர்ன் மியூனிக் அணியே சாம்பியன் என்பதால் பதில் பேசவும் வழியிருக்காது. 2023–24 வந்தது, லெவர்குசன் லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெயித்தது, அந்தப் பேச்சு அடங்கியது. அடங்கிய இடத்தில் இப்போது வேறு தப்புகள் முளைத்திருக்கின்றன. முக்கால்வாசி, இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பார்த்துப் பழகிய கண்ணோடு ஜெர்மனியைப் பார்ப்பதால் வருபவை. இதில் பாதியை நானே செய்திருக்கிறேன், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயர். பேயர் வேறு, பேயர்ன் வேறு. தமிழில் எழுதினால் கடைசியில் ஒரு "ன்" மட்டும்தான் வித்தியாசம், அவசரத்தில் தட்டச்சு செய்தால் சாம்பியனே மாறிவிடுகிறார். பேயர் என்பது ஆஸ்பிரின் மாத்திரை தயாரிக்கும் அதே மருந்துக் கம்பெனி. அதன் தொழிலாளர்கள் 1904-இல் ஆரம்பித்த சங்கம்தான் பேயர் 04 லெவர்குசன், அந்த 04 வந்தது அதனால்தான். பேயர்ன் என்பது தெற்கே மியூனிக் நகரம் இருக்கிற மாநிலத்தின் பெயர், அதற்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை. லெவர்குசன் அந்த மாநிலத்திலேயே இல்லை, ரைன் நதிக்கரையில் கொலோனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊர் பெயரைச் சொல்லிப் பேசினால் குழப்பமே வராது. "பொருஸியா" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கும் இதுவே: டார்ட்முண்டும் பொருஸியா, மன்ஷன்கிளாட்பாக்கும் பொருஸியா. "1. எஃப்சி கொலோன்" என்பதில் இருக்கும் 1-ஐப் பார்த்து அட்டவணையில் முதலிடம் என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அது "முதலாவது கால்பந்துக் கழகம்" என்பதன் சுருக்கம். கொலோன் அந்த சீசனில் 17-ஆவதாக முடித்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

ஆரம்பத்தில் "கோப்பையைத் தூக்கும்" என்று எழுதினேன் இல்லையா, அதுவும் தப்புதான். புண்டஸ்லிகா, அதாவது ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீக், ஜெயித்தவருக்குக் கொடுப்பது கோப்பை அல்ல, சாம்பியன்களின் பெயர் பொறித்த வட்டமான வெள்ளித் தட்டு. கோப்பை என்றால் அது தனிப் போட்டி. லெவர்குசன் அந்த மே மாதத்தில் இரண்டையும் வாங்கியது. கோப்பை இறுதி ஆட்டம் பெர்லினில், இரண்டாம் டிவிஷன் அணியான கைசர்ஸ்லாட்டர்னுக்கு எதிராக. கிரானிட் ஷாகா அடித்த ஒரே கோலில், பாதி ஆட்டத்துக்கு மேல் 10 பேரோடு ஆடி, ஜெயித்தார்கள்.

சரி, "தோற்காத சீசன்" விஷயத்துக்கு வருவோம், அதிகமாகக் குழப்பிக்கொள்வது இங்கேதான். லீக்கில் 34 ஆட்டம், 28 வெற்றி, 6 டிரா, 90 புள்ளி. புண்டஸ்லிகா 1963-இல் தொடங்கிய பிறகு ஒரு சீசன் முழுக்கத் தோற்காத முதல் அணி இதுதான், சந்தேகமில்லை. ஆனால் இதையே "புண்டஸ்லிகாவில் எக்காலத்திலும் அதிகப் புள்ளி" என்று நீட்டி எழுதுகிறார்கள், அது இல்லை. 2012–13-இல் மியூனிக் 91 எடுத்தது, 29 வெற்றி, 4 டிரா, ஒரே ஒரு தோல்வி. அந்த ஒரு தோல்வி யாரிடம் என்று தேடிப் பார்த்தால் சிரிப்பு வரும்: லெவர்குசனிடம், அதுவும் மியூனிக் மைதானத்திலேயே.

இன்னொரு குழப்பம் 51 என்ற எண். "லீக்கில் 51 ஆட்டம் தோற்கவில்லை" என்று பகிர்கிறார்கள், லீக்கே 34 ஆட்டம்தான். லீக், ஜெர்மன் கோப்பை, யூரோப்பா லீக் (ஐரோப்பியக் கழகங்களின் இரண்டாம் நிலைப் போட்டி) மூன்றையும் சேர்த்தால்தான் 51 வரும். அதற்கு முந்தைய சீசனின் கடைசி நாளில் இதே அணி போகும் (Bochum) என்ற ஊரில் 0–3 என்று தோற்றிருந்தது, ஆகவே கணக்கு புது சீசனின் முதல் ஆட்டத்திலிருந்து சுத்தமாகத் தொடங்குகிறது. 52-ஆவது ஆட்டம் 2024 மே 22, டப்ளினில் யூரோப்பா லீக் இறுதி. இத்தாலியின் அட்டலாண்டா 3–0 என்று ஜெயித்தது, மூன்று கோலும் அடெமோலா லுக்மேன். மூன்று நாள் கழித்து 53-ஆவதில் லெவர்குசன் ஜெர்மன் கோப்பையை ஜெயித்தது. ஆக "அந்த வருஷம் தோற்கவே இல்லை" என்றால் தப்பு, "லீக்கில் தோற்கவில்லை" என்றால் சரி. ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் அட்டலாண்டா ரசிகர் யாராவது பக்கத்தில் இருந்தால் விடமாட்டார்.

அப்புறம் "அதிர்ஷ்டம்" வாதம். கடைசி நிமிடக் கோல்களாலேயே தப்பித்தார்கள் என்பது. கோல்கள் உண்மை. ஜனவரியில் ஆக்ஸ்பர்க்கில் 90+4-ஆவது நிமிடம், அடுத்த வாரம் லைப்சிக்கில் 90+1, மார்ச் கடைசியில் ஹோஃபன்ஹைமுக்கு எதிராக 88 நிமிடம் வரை 0–1 என்று பின்தங்கி இருந்துவிட்டு 2–1. ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஏப்ரல் 14 அன்று பிரேமனை 5–0 என்று அடித்து, விர்ட்ஸ் மூன்று கோல் போட்டு, ஐந்து ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே பட்டத்தை உறுதி செய்துவிட்டார்கள். அடுத்த வாரம் டார்ட்முண்டில் 90+7-இல் சமன் செய்தார்கள், அதற்கடுத்த வாரம் ஷ்டுட்கார்ட்டுக்கு எதிராக 90+6-இல். பட்டம் கையில் வந்த பிறகும் இப்படி ஆடுகிற அணிக்கு அது பழக்கம். கடைசி பத்து நிமிடத்தில் பந்தைத் தூக்கி அடித்துவிட்டு யார் காலிலாவது படட்டும் என்று காத்திருக்கவில்லை. முதல் நிமிடத்தில் எப்படிச் சின்னச் சின்ன பாஸ்களாகக் கோர்த்தார்களோ அப்படியே 95-ஆவது நிமிடத்திலும் கோர்த்தார்கள், எதிரணிக்குத்தான் கால் ஓய்ந்தது. அதிர்ஷ்டம் ஒரு தடவை வரும், இரண்டு தடவை வரும். மாதக்கணக்கில் வந்தால் அதற்கு வேறு பெயர் தேட வேண்டும்.

பயிற்சியாளரைப் பற்றி "சாபி அலொன்சோ வந்தார், ஜெயித்தார்" என்பதும் அவசரம். அவர் வந்தது 2022 அக்டோபரில், அணி அப்போது 17-ஆவது இடம், அந்த சீசனை 6-ஆவதாக முடித்தார். அதற்குப் பிறகுதான் ஷாகா, கிரிமால்டோ, போனிஃபேஸ், ஹோஃப்மன் எல்லாரும் ஒரே கோடையில் வந்தார்கள், கிரிமால்டோவுக்கு மாற்றுக் கட்டணமே கிடையாது. வேடிக்கை என்னவென்றால், பிப்ரவரியில் மியூனிக்கை 3–0 என்று அடித்த ஆட்டத்தின் முதல் கோல் ஸ்டானிஷிச்சுடையது; அவர் மியூனிக்கிடமிருந்தே கடனாக வாங்கப்பட்ட ஆட்டக்காரர். இங்கிலாந்தில் கடனில் போனவர் சொந்த அணிக்கு எதிராக ஆடவே முடியாது, அதனால் நம்மில் பலர் அன்று அணிப் பட்டியலைப் பார்த்து ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்தோம்.

மியூனிக் பற்றிய தப்பு எனக்கு மிகவும் பிடித்தது. "அந்த வருஷம் பேயர்ன் சரிந்துவிட்டது, அதனால்தான் லெவர்குசனுக்குக் கிடைத்தது." மூன்றாம் இடம், கோப்பையில் மூன்றாம் டிவிஷன் சார்புரூக்கனிடம் தோல்வி, பயிற்சியாளர் டூகல் சீசன் முடிவில் போகிறார் என்று பிப்ரவரியிலேயே அறிவிப்பு, இதையெல்லாம் பார்த்தால் சரிவு மாதிரிதான் தெரியும். எண்ணிக்கையைப் பாருங்கள்: 72 புள்ளி. அதற்கு முந்தைய வருஷம் அவர்கள் சாம்பியன் ஆனது 71 புள்ளியில், டார்ட்முண்டும் அதே 71, கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அதாவது சாம்பியன் ஆன வருஷத்தைவிட ஒரு புள்ளி அதிகம் எடுத்து மூன்றாவது வந்திருக்கிறார்கள்! இரண்டாமிடம் 73 எடுத்த ஷ்டுட்கார்ட்டுக்கு. மியூனிக்கின் ஹாரி கேன் போகும் இடமெல்லாம் கோப்பை வராது என்று அப்போது மீம் போட்டவர்கள், அவர் 36 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம் பிடித்ததை மீமில் சேர்க்கவில்லை.

அட்டவணையின் அடிப்பக்கத்துக்கு வந்தால் ஒரு சொல் பொறி வைக்கிறது: ரெலிகேஷன். இங்கிலீஷ் லீக் பேச்சில் அது கீழே இறங்குவது. ஜெர்மன்காரர்கள் "ரெலிகாட்சியோன்" என்றால் 16-ஆவது அணி, இரண்டாம் டிவிஷனின் 3-ஆவது அணியோடு ஆடும் இரண்டு ஆட்டம். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 17, 18 மட்டும் நேராக இறங்கும், அந்த வருஷம் கொலோனும் டார்ம்ஸ்டாட்டும். 16-ஆவது போகும். (தமிழில் அந்த ஊரை எழுதினால் அப்படித்தான் வருகிறது, நான் என்ன செய்வது.) போகும், டியுசல்டார்ஃபோடு சொந்த மைதானத்தில் முதல் ஆட்டத்தில் 0–3. ஜெர்மன் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்ட பலர் ஏற்கெனவே வழியனுப்பியிருந்தார்கள், இப்போது புரிந்துகொண்டவர்களும் வழியனுப்பிவிட்டார்கள். இரண்டாம் ஆட்டத்தில் வெளியூரில் 3–0, பெனால்டியில் 6–5. போகும் போகவில்லை. இந்த ஆட்டங்களைச் சும்மா நினைக்கக் கூடாது. மேலே சொன்ன ஷ்டுட்கார்ட் ஒரு வருஷம் முன்பு இதே 16-ஆவது இடத்தில் ஹாம்பர்க்கோடு ஆடித் தப்பிய அணி.

இங்கேயே இன்னொன்று. புள்ளி சமமானால் ஸ்பெயினில் நேருக்கு நேர் யார் ஜெயித்தார்கள் என்று முதலில் பார்ப்பார்கள், ஜெர்மனியில் கோல் வித்தியாசம். போகும், யூனியன் பெர்லின் இரண்டுமே 33 புள்ளி. நேருக்கு நேர் இரண்டு ஆட்டத்திலும் போகும்தான் ஜெயித்திருந்தது, 3–0, 4–3. ஸ்பெயின் விதிப்படி யூனியன்தான் அந்த ரெலிகாட்சியோன் ஆடியிருக்கும். கடைசி நாளில் ஃபிரைபர்க்குக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ஹாபெரர் போட்ட கோலால் 33-ஐத் தொட்டு, கோல் வித்தியாசத்தில் தப்பித்தது.

ஐரோப்பியப் போட்டிக்கு யார் யார் என்பதில் "அட்டவணையில் முதல் நாலு பேருக்குத்தான் சாம்பியன்ஸ் லீக்" (ஐரோப்பாவின் முதல் நிலைப் போட்டி) என்ற மனப்பாடத்தை விடுங்கள். அந்த வருஷம் ஜெர்மன் அணிகள் ஐரோப்பாவில் நன்றாக ஆடியதால் லீக்குக்கே ஐந்தாவது சாம்பியன்ஸ் லீக் இடம் கிடைத்தது, 5-ஆவதாக முடித்த டார்ட்முண்ட் அதில் நுழைந்தது. அவர்கள் சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போனதால் கிடைத்த இடம் என்று எழுதுவது தப்பு, இறுதிக்குப் போனவருக்கென்று இடம் கிடையாது. வெம்பிளியில் ரியல் மாட்ரிட்டை ஜெயித்திருந்தால் 6-ஆவது ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் ஓர் இடம் வந்திருக்கும், 0–2 என்று தோற்றார்கள். லெவர்குசன் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வாங்கியதால் கோப்பைக்கான இடம் அட்டவணையில் ஒரு படி கீழே இறங்கி, 8-ஆவது வந்த ஹைடன்ஹைமுக்கு மூன்றாம் நிலை ஐரோப்பியப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக் கிடைத்தது.

குளிர்காலத்தில் டென்னிஸ் பந்து மைதானத்தில் விழுந்து ஆட்டம் நின்ற காட்சிகளைப் பார்த்து "ரவுடித்தனம்" என்று எழுதியவர்கள் உண்டு. 2023 டிசம்பரில் இரண்டு டிவிஷனின் 36 கழகங்கள் வாக்களித்து, ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவீதம் வரை ஒரு முதலீட்டாளருக்கு 20 வருஷத்துக்கு எழுதிக்கொடுக்கலாம் என்று முடிவானது. தேவைப்பட்டது 24 வாக்கு, விழுந்ததும் சரியாக 24. ரசிகர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. டென்னிஸ் பந்து, சாக்லேட் நாணயம், ரிமோட் கார் என்று விட்டு விட்டு ஆட்டத்தை நிறுத்தினார்கள், பிப்ரவரி 21 அன்று லீக் நிர்வாகம் திட்டத்தையே கைவிட்டது. இதற்கு அடியில் இருப்பது 50+1 விதி, கழகத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது. உடனே "அதனால் ஜெர்மனியில் கம்பெனி அணியே கிடையாது" என்று தாவாதீர்கள், அந்த சீசனின் சாம்பியனே ஒரு மருந்துக் கம்பெனியின் அணி, விதிவிலக்கு பெற்ற அணி.

கடைசியாக நேரம். சனிக்கிழமை முக்கிய ஆட்டங்கள் ஜெர்மன் நேரம் பிற்பகல் 3.30. குளிர்காலத்தில் நமக்கு இரவு 8, கோடையில் 7. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நம் கடிகாரம் அப்படியே இருக்கும். 2024-இல் அது மார்ச் 31. நான் மறந்துபோய் ஏப்ரல் 6 அன்று வழக்கம்போல 8 மணிக்கு உட்கார்ந்தேன், ஹைடன்ஹைம் எதிர் மியூனிக், இடைவேளை. மியூனிக் 2–0. ஐம்பதாயிரம் பேர் இருக்கிற ஊர், முதல் தடவையாகப் பெரிய லீக்குக்கு வந்த அணி, 2007-இலிருந்து அதே பயிற்சியாளர் ஃபிராங்க் ஷ்மிட். இனி என்ன இருக்கிறது, அங்கே யார் ஆடினாலும் கடைசியில் பேயர்ன்தான் என்று நானே சொல்லிக்கொண்டு தோசை சாப்பிடப் போனேன். 50-ஆவது நிமிடம் செஸ்ஸா ஒன்று, 51-இல் கிளைண்டீன்ஸ்ட் ஒன்று, 79-இல் அவரே இன்னொன்று. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன், ஹைடன்ஹைம் 3–2, ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் ரசிகர்கள் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.