சித்திரை வெயிலில் இறங்கும் முன்: நிழல் பார்ப்பதிலிருந்து கற்றாழை வரை

"அக்னி நட்சத்திரம் பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மதுரையில் பலர் மே 4 வரை வெயிலைப் பொருட்படுத்துவதில்லை. தோலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கத்திரி என்பது சூட்டின் கணக்கு. தோலைக் கருக்குவது சூடல்ல, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். மதுரை 10 டிகிரி வட அட்சரேகைக்குச் சற்றே தெற்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 16-ஐ ஒட்டிய நாட்களில், பகல் 12:15 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். தரையில் நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. சித்திரை பிறந்த உடனேயே புற ஊதாக் கதிர் முழு வீச்சில் இருக்கிறது என்பது இதன் பொருள். சூடு உச்சத்துக்கு ஏற இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் "இன்னும் அவ்வளவு சுடவில்லையே" என்று மதியம் 12 மணிக்கு நிற்பவர்களின் தோல் பழுத்துப்போகிறது.

முதலில் நிழலை அளந்து பாருங்கள்

கருவி எதுவும் வேண்டாம். சமதரையில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் கதிர் சாய்ந்து வருகிறது, கொஞ்ச நேரம் தாராளமாக நடக்கலாம். நிழல் உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் மூடிக்கொள்ளுங்கள், அல்லது ஒதுங்குங்கள். சித்திரையில் மதுரையில் இந்தக் குட்டை நிழல் நேரம் காலை 9:15 முதல் பிற்பகல் 3:15 வரை. யானைமலையோ கீழக்குயில்குடி சமணர் மலையோ ஏறுவதாக இருந்தால் விடிந்ததும் ஏறத் தொடங்கி 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள். தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதை மாலை 4:30-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலை அனுபவிக்க இந்த இரண்டு பொழுதுகளுமே போதுமானவை.

கைபேசியில் வானிலை பார்ப்பவர்கள் வெப்பநிலையோடு, புற ஊதாக் கதிரின் வீச்சைச் சொல்லும் எண்ணான யூ.வி. இண்டெக்ஸையும் பாருங்கள். 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை. நம் ஊரில் சித்திரை நண்பகலில் வானம் தெளிவாக இருந்தால் அது 11-ஐத் தாண்டும். மெல்லிய மேகத்தை நம்பாதீர்கள், கதிரின் பெரும்பகுதி அதை ஊடுருவி வந்துவிடும்.

துணிதான் முதல் காவல்

சன்ஸ்கிரீனுக்கு முன்னால் துணியைச் சரிசெய்யுங்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். விரல் தெளிவாகத் தெரிந்தால் கதிரும் அப்படியே உள்ளே வரும். நெருக்கமாக நெய்த அடர்நிறப் பருத்தி நல்லது. சுங்குடி முந்தானையை ஒற்றையாகத் தலையில் போட்டால் போதாது, நான்காக மடித்துப் போடுங்கள். குடை பிடிப்பதானால் கறுப்புக் குடை. அப்போதும் முகத்துக்கு ஏதாவது பூச வேண்டும், ஏனென்றால் காய்ந்த மணல் ஏறக்குறைய 15 சதவீதக் கதிரைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்பும். வைகை மணலில் நிற்பவர்களுக்குத் தாடைக்கு அடியில் எரிவது இதனால்தான்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். விடிகாலையில் வந்தவர்கள் தண்ணீர் பீய்ச்சலில் நனைந்து, குளிர்ச்சியாக இருக்கிறதே என்று 11 மணி வரை நின்றுவிடுகிறார்கள். ஈரம் சூட்டைத்தான் மறைக்கும், கதிரைத் தடுக்காது. மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைந்தால் உலர்ந்திருந்தபோது தடுத்த அளவுகூடத் தடுக்காது. அதனால் மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வையுங்கள். சின்னப் பிள்ளைகளை 9 மணிக்கு மேல் ஆற்று மணலில் நிறுத்தாதீர்கள்.

சன்ஸ்கிரீன்: அளவில்தான் தவறு நடக்கிறது

எஸ்.பி.எஃப். 30 அல்லது 50, கூடவே பி.ஏ. மூன்று பிளஸ் (யூ.வி.-ஏ கதிரைத் தடுக்கும் அளவைக் காட்டும் குறி) போட்டிருப்பதாக வாங்குங்கள். 30 என்பது தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதத்தையும், 50 என்பது 98 சதவீதத்தையும் தடுக்கும். எண்ணைவிட அளவு முக்கியம். பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தடவினால் டப்பாவில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது.

ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்குங்கள். அது முகத்துக்கும் கழுத்துக்கும். ஒவ்வொரு கைக்கும் ஒரு டீஸ்பூன் வேண்டும். இந்தக் கணக்கில் 50 கிராம் டியூப் மூன்று தடவைக்குக் காணும், அவ்வளவுதான். ஆகவே கையை முழுக்கைச் சட்டையால் மூடிவிட்டு, பூச்சை முகம், காது மடல், பின்கழுத்து, புறங்கை, புறங்கால் என்று வைத்துக்கொள்வதே கட்டுப்படியாகும். வண்டி ஓட்டுகிறவர்கள் புறங்கையை மறந்துவிடுகிறார்கள். தலை வகிடும் வழுக்கையும் கருகும் இடங்கள்தாம்.

கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்பு பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்து வழிந்தாலோ துண்டால் துடைத்தாலோ உடனே, மறுபடி பூச வேண்டும். டியூபை வண்டிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் கெட்டுவிடும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூச்சு வேண்டாம், நிழலும் துணியும் மட்டும். டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை, சிறுநீரைக் கூட்டும் சில வகை நீர் மாத்திரைகள், முகப்பருவுக்கான ரெட்டினாய்டு கிரீம் எடுப்பவர்களுக்குத் தோல் சீக்கிரம் கருகும். அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கருகிவிட்டால்

நம் நிறத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. தொட்டால் சூடு, சட்டை உரசினால் காந்தல், தோல் இழுத்துப் பிடிப்பது, சட்டைக் கோட்டுக்கு வெளியே மட்டும் கருத்திருப்பது: இவைதான் அடையாளம். காந்தல் சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். லேசாக எரியத் தொடங்கியதுமே வேலையை ஆரம்பியுங்கள். துணிக்கு உள்ளே பொரிப்பொரியாக அரிப்பது வேர்க்குரு. அது வேறு.

உடனே நிழலுக்குள் வந்து, எரியும் இடத்தில் குளிர்ந்த தண்ணீரை 10, 15 நிமிடம் ஊற்றுங்கள். குழாயைத் திறந்து அப்படியே கையை நீட்டாதீர்கள். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியம் கொதித்துக்கொண்டிருக்கும். காலையில் பிடித்து வைத்த வாளித் தண்ணீரோ மண்பானைத் தண்ணீரோ சரி. இல்லையென்றால் பருத்தித் துண்டை நனைத்துப் போட்டு, சூடேறியதும் மாற்றுங்கள். நாளுக்கு நான்கைந்து தடவை செய்யலாம். ஐஸ் கட்டி வைத்தால் மரத்துப்போவது நிவாரணம்போல் இருக்கும், ஆனால் புண்பட்ட தோலை அது மேலும் கெடுக்கும்.

துண்டால் ஒற்றி, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் கற்றாழையோ மணமில்லாத மாய்ஸ்சரைசரோ கலாமைன் லோஷனோ தடவுங்கள். வீட்டுக் கற்றாழையானால் மடலை அடியில் வெட்டி, வெட்டுப் பக்கம் கீழே இருக்கும்படி 15 நிமிடம் சாய்த்து வையுங்கள். வடியும் மஞ்சள் பால் தோலை அரிக்கும். அது வடிந்தபின் கழுவி, முள் ஓரத்தைச் சீவி, உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, அரிக்கவில்லை என்றால் பூசலாம்.

எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வந்துவிடும். பற்பசை, மஞ்சள், கடலை மாவுத் தேய்ப்பு எல்லாம் எரிச்சலைக் கூட்டும். தேங்காய் எண்ணெயை முதல் நாளில் தவிர்த்து, சூடு தணிந்தபின் தடவுங்கள்.

வலிக்குப் பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மி.கி. எடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. கருகிய தோல் உடம்பின் நீரை இழுக்கும் என்பதால் நிறையக் குடிக்க வேண்டும். ஒரு டம்ளர் தயிருக்கு நான்கு டம்ளர் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு போட்ட நீர்மோர் நல்லது. இளநீரும் ஆகும். ஜிகர்தண்டா நாக்குக்கு இதம்தான், ஆனால் அதைத் தாகத்துக்குத் தண்ணீராகக் கணக்கு வைக்காதீர்கள்.

கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், அதன் மேல்தோல்தான் உள்ளே கிருமி போகாமல் காக்கிறது. முகத்தில் கொப்புளம், பெரிய பரப்பில் கொப்புளம், சீழ், 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நிற்காத வாந்தி இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பேச்சுக் குழறி, நினைவு தடுமாறி, உடம்பு அனலாய்க் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்.

நாலைந்து நாளில் தோல் உரியத் தொடங்கும். இழுத்து உரிக்காமல் மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டுவாருங்கள். உள்ளிருந்து வரும் புதுத்தோல் மெல்லியது, பழைய தோலைவிடச் சீக்கிரம் கருகும். அது தேறும்வரை அந்த இடத்தைத் துணிக்குள்ளேயே வைத்திருங்கள்.